காசல் ஏக்கர் கோட்டை: ரயில் கரை பார்ப்பவள் எழுதும் விமர்சனம்

நார்ஃபோக் மாவட்டத்தில் இருக்கும் காசல் ஏக்கர் கோட்டைக்கு டிக்கெட் கிடையாது. வாசலில் ஆள் இல்லை, கடை இல்லை, காதில் மாட்டிக்கொள்ளும் ஒலிவழிகாட்டியும் இல்லை. கிராமத்துத் தெருவிலிருந்து பக்கவாட்டில் திரும்பிக் கொஞ்ச தூரம் நடந்தால் பச்சைப் பசேலென்று ஒரு பெரிய மண்வளையம் எதிரே எழுந்து நிற்கும். இங்கிலாந்தில் எந்தக் கோட்டையை முதலில் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் நான் இதைத்தான் சொல்கிறேன். வின்ட்சரும் லண்டன் டவரும் எங்கேயும் போய்விடாது, பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஏன் என்று சொல்ல என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ரயில் பாதையின் மண்கரைகளையும் வெட்டுச் சரிவுகளையும் நடந்து பரிசோதிப்பது என் தொழில். மண் எங்கே நழுவத் தொடங்கியிருக்கிறது, முயல் எங்கே வளை தோண்டியிருக்கிறது, மழைத் தண்ணீர் எந்த வழியில் இறங்குகிறது, அந்த மரம் ஏன் சாய்ந்து நிற்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டே போவேன். 150 ஆண்டு பழைய கரை இன்னும் உறுதியாக நின்றால் எங்களுக்கு அதைக் கட்டியவர்கள் மேல் பெரிய மரியாதை வரும். காசல் ஏக்கர் கரைகளுக்கு வயது 900 ஆண்டுக்கு மேல். இன்னும் வடிவம் குலையாமல் நிற்கின்றன.

ஊர் ஸ்வாஃபம் என்ற சிறுநகரத்திலிருந்து வடக்கே சுமார் 4 மைல். ரயில் வசதி கிடையாது, கார்தான் சரி. கீழே நார் என்ற சிறு ஆறு ஓடுகிறது. சீமைச்சுண்ணாம்புப் பாறையிலிருந்து ஊறி வரும் தெளிந்த நீர். ஆற்றுக்கு மேலே சரிவில் கோட்டை. அதற்கு மேற்கே கிராமம், கிராமத்துக்கும் மேற்கே ஒரு பெரிய மடாலயத்தின் இடிபாடு. மூன்றையும் ஒரே குடும்பம்தான் உருவாக்கியது.

அந்தக் குடும்பம் வாரென் குடும்பம். வில்லியம் டி வாரென் 1066இல் ஹேஸ்டிங்ஸ் போரில், பிரான்சின் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த நார்மன் வில்லியமுடன் நின்று போரிட்டவர். வெற்றிக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த நிலம் கொஞ்சநஞ்சமல்ல. சஸ்ஸெக்ஸில் லூயிஸ், யார்க்‌ஷயரில் கோனிஸ்பரோ, நார்ஃபோக்கில் இந்த ஏக்கர் என்று நாடு முழுக்கச் சிதறிக் கிடந்த சொத்து. 1088இல் இறப்பதற்குச் சற்று முன்புதான் சர்ரே ஏர்ல் என்ற பிரபுப் பட்டம் வந்தது. அவர் மனைவி குந்த்ராடா 1085இல் இந்த ஏக்கரில் பிரசவத்தின்போது இறந்துபோனார் என்பது லூயிஸ் மடாலயத்தார் காத்துவந்த செய்தி. இந்த ஒரு தகவலை மனதில் வைத்துக்கொண்டு உள்ளே போங்கள். பிறகு அது தேவைப்படும்.

போன தடவை மாமனாரும் உடன் வந்திருந்தார். காரை நிறுத்திவிட்டு நடந்து வந்து, கரை சூழ்ந்த வெளிப்பகுதியான கீழ்முற்றத்தின் நடுவில் நின்றதும் சுற்றிப் பார்த்துவிட்டு, "கோட்டை எங்கேம்மா?" என்றார். நியாயமான கேள்வி. கோபுரம் இல்லை, கொடி இல்லை. உடைந்த மதில் துண்டுகள், புல், அப்புறம் மேடுகள். "நீங்க நிக்கிறதே கோட்டைக்குள்ளதான் மாமா" என்றேன். அவரைக் கையைப் பிடித்துக் கீழே அகழியின் அடிவரை கூட்டிப்போய், அங்கிருந்து மேலே பார்க்கச் சொன்னேன். அகழியின் அடியிலிருந்து கரையின் உச்சியைப் பார்க்கும்போதுதான் இந்த இடம் என்ன என்று உடம்புக்கே தெரிகிறது. கழுத்து வலிக்கும் அளவுக்கு நிமிர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. மேலே ஒரு மதிலும் அதன்மேல் ஆட்களும் இருந்த காலத்தில், கையில் ஈட்டியோடு இந்தச் சரிவில் ஏறுவதை நினைத்துப் பாருங்கள்.

மண்கோட்டையின் கணக்கு எளிமையானது. அகழி தோண்டு, தோண்டிய மண்ணை உள்பக்கம் போட்டுக் கரை கட்டு. பள்ளம் எவ்வளவோ மேடும் அவ்வளவு. ரயில் பாதை போட்டவர்களும் இதே கணக்கைத்தான் போட்டார்கள்: மேட்டை வெட்டிய மண்ணால் அடுத்த பள்ளத்தை நிரப்பினார்கள். இன்று நாங்கள் புதிதாகக் கரை கட்டினால் பெரும்பாலும் ஒரு மீட்டர் உயரத்துக்கு இரண்டு மீட்டர் அகலம் என்று சாய்வு விடுவோம். இங்கே பல இடங்களில் அதைவிடச் செங்குத்து. எதிரி ஏறக் கூடாது என்பதுதானே நோக்கம். அந்தச் செங்குத்தை இத்தனை காலம் தாங்கி நிற்க சுண்ணாம்புப் பாறை உதவியிருக்கிறது. தண்ணீர் தேங்காமல் வடிந்துவிடும் மண் அது. களிமண் பூமியில் இதே சரிவை எழுப்பியிருந்தால் சில மழைக்காலங்களிலேயே வயிறு தள்ளி உட்கார்ந்திருக்கும். இன்னொன்றும் தோன்றுகிறது. தோண்டும்போது மேல்மண் முதலில் வரும், பாறை கடைசியில் வரும். ஆகவே கரையில் மேல்மண் அடியிலும் பாறைத்தூள் உச்சியிலும் போய்ச் சேரும். கட்டி முடித்த புதிதில் இந்தக் கரைகள் புல் இல்லாமல் வெள்ளையாகத்தான் நின்றிருக்க வேண்டும். ஆற்றின் அந்தப் பக்கம் வயலில் நின்ற குடியானவர்களுக்கு அது எப்படித் தெரிந்திருக்கும்!

வேலை செய்தவர்களின் பெயர் எதுவும் நமக்கு வந்து சேரவில்லை. நார்மன் வெற்றியைத் தையல் படங்களாகச் சொல்லும் பழைய நீளத் துணியான பாயோ திரைச்சீலையில் ஹேஸ்டிங்ஸில் மண்மேடு எழுப்பும் காட்சி ஒன்று இருக்கிறது. ஆட்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்கள், மேடு அடுக்கடுக்காக வரையப்பட்டிருக்கிறது, இரண்டு பேர் மண்வெட்டியாலேயே அடித்துக்கொள்கிறார்கள். மண்வேலை நடக்கும் தளத்தில் வேலை பார்த்த எவருக்கும் அந்தக் காட்சி உண்மை என்று தெரியும்.

இனி மேல்வளையம். கீழ்முற்றத்திலிருந்து அகழியைத் தாண்டும் பாலம் வழியாகப் போக வேண்டும். இங்கேதான் என் முழு மதிப்பெண்ணும். வட்டமான கரைக்கு உள்ளே, கண்மட்டத்துக்குக் கீழே, சக்கிமுக்கிக் கல்லாலும் சுண்ணாம்புக் கல்லாலும் கட்டிய ஒரு பெரிய கட்டடத்தின் அடிப்பகுதி கிடக்கிறது. சாதாரணமாகப் பார்த்தால், இடிந்த கோட்டைக் கோபுரம் ஒன்று, அவ்வளவுதான். 1972 முதல் 1977 வரை தொல்லியலாளர்கள் ஜொனாதன் கோடும் ஆன்டனி ஸ்ட்ரீட்டனும் இங்கே அகழ்ந்தார்கள். அவர்கள் கண்டது என்னவென்றால், இது கோபுரமாகப் பிறக்கவே இல்லை. வீடாகப் பிறந்தது.

முதல் கட்டத்தில், அதாவது 11ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், இங்கே நின்றது இரண்டு மாடிக் கல்வீடு. வசதியான பெரிய மாளிகை. சுற்றிலும் கரை இருந்தது, ஆனால் இன்று நாம் பார்க்கும் கரையோடு ஒப்பிட்டால் அடக்கமானது. அதன்மேல் மரவேலி, நுழைய ஒரு கல்வாயில். ஒரு பிரபு தன் பெரிய பண்ணையில் வந்து தங்கும் வீட்டுக்குப் போதுமான காவல். நாட்டைப் பிடித்த புதிதில், சுற்றிலும் தோற்றுப்போன மக்கள் இருக்கும்போது, நார்மன்கள் எல்லோரும் போர்க்கோபுரம் கட்டி ஒளிந்திருந்தார்கள் என்றுதான் நாம் நினைப்போம். வாரென் இங்கே கட்டியது குடும்பத்தோடு இருக்க ஒரு வீடு. குந்த்ராடா இறந்தது இந்த ஊரில்தான் என்பதை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு 12ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி. அரசர் முதலாம் ஹென்றி 1135இல் இறந்ததும் அரியணைக்கு அவர் மருமகன் முறையான ஸ்டீபனும் (சகோதரியின் மகன்) மகள் மெட்டில்டாவும் அடித்துக்கொண்டார்கள். கிட்டத்தட்ட இருபது ஆண்டு நாடு சிதைந்து கிடந்தது. அப்போது இந்த இடம் மூன்றாம் ஏர்லிடம் இருந்தது. அவர் பெயரும் வில்லியம், ஸ்டீபன் பக்கம் நின்றவர். பயம் வந்த வீட்டில் என்ன செய்வார்கள்? கதவை அடைப்பார்கள், சுவரைத் தடிப்பாக்குவார்கள். இங்கே அதைச் செய்ததற்கான தடயம் அப்படியே இருக்கிறது. மாளிகையின் சுவர்களுக்கு உள்பக்கம் இன்னொரு சுவரை ஒட்டிக் கட்டி, தடிமனை ஏறக்குறைய இரட்டிப்பாக்கினார்கள். பழைய வாசல்களை அடைத்தார்கள். மொத்த வீட்டையும் உயரமான கோபுரமாக மாற்றுவதுதான் திட்டம். பாதி வழியில் திட்டத்தை மாற்றிக்கொண்டார்கள். வடக்குப் பாதியை மட்டும் மேலே எழுப்பினார்கள், தெற்குப் பாதியை இடித்தார்கள். கூடவே சுற்றுக்கரையை உயர்த்தி அதன்மேல் கல்மதிலையும் உயர்த்தினார்கள். அந்த வேலையில் வீட்டின் கீழ்த்தளம் மண்ணுக்குள் போய்விட்டது. புதைந்ததால்தான் நமக்கு மிஞ்சியது.

பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடம் கண்ணுக்குத் தெரிகிறது. இரண்டும் ஒன்றோடொன்று பின்னிக் கட்டப்படவில்லை, ஒட்டி நிற்கின்றன. நடுவில் நேர்க்கோடாக ஓர் இணைப்பு. அந்தக் கோட்டுக்கு ஒரு பக்கம் அமைதிக் காலம், மறுபக்கம் உள்நாட்டுப் போர். இவ்வளவு கிட்டத்தில், கயிறோ கண்ணாடியோ இல்லாமல், இதைப் பார்க்கும் வாய்ப்பு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை. தயவுசெய்து இந்த இடத்தில் அவசரப்படாதீர்கள். அடைத்த வாசல்களைத் தேடுங்கள். எந்தச் சுவர் முதலில் வந்தது, எது பிறகு வந்தது என்று பிள்ளைகளைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பத்து வயதுக் குழந்தையால் முடியும்.

அந்த மூன்றாம் ஏர்ல் இரண்டாம் சிலுவைப் போருக்குப் போய் 1148இல் இன்றைய துருக்கி மண்ணில் கொல்லப்பட்டார். வாரிசு அவர் மகள் இசபெல். அவருடைய இரண்டாவது கணவர் ஹாமலின் யார்க்‌ஷயர் கோனிஸ்பரோவில் எழுப்பிய உயரமான வட்டக் கோபுரம் இன்றும் நிற்கிறது. ஏக்கரில் அதற்குப் பிறகு அந்த அளவுக்குப் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. அது நமக்கு நல்லதாகப் போயிற்று. பின்னால் வந்தவர்கள் இடித்துப் புதிதாகக் கட்டியிருந்தால் அந்த இணைப்புக் கோடு நமக்குக் கிடைத்திருக்காது.

என் தொழிலுக்கும் இந்தக் குடும்பத்துக்கும் ஒரு நேரடித் தொடர்பு உண்டு. வில்லியமும் குந்த்ராடாவும் தாங்கள் நிறுவிய லூயிஸ் மடாலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார்கள். பல நூற்றாண்டு கழித்து அந்த மடாலயத்தின் இடிபாட்டின் வழியாகவே ரயில் பாதை வெட்டினார்கள். 1845இல் அந்த வெட்டுவேலையில் இரண்டு சிறிய ஈயப்பெட்டிகள் கிடைத்தன. உள்ளே எலும்புகள், மேலே அவர்கள் இருவரின் பெயர்கள். பக்கத்தில் சவுத்ஓவர் தேவாலயத்தில் இப்போது வைத்திருக்கிறார்கள். ரயிலுக்கு வெட்டியவர்கள் அன்று எவ்வளவோ அழித்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளைத் தூக்கி எறியாமல் எடுத்து வைத்தார்களே என்று நினைக்கும்போது மனம் நிறைகிறது.

கீழ்முற்றத்துக்குத் திரும்புவோம். அங்கே புல்லுக்கடியில் கூடம் முதலான கட்டடங்களின் அடித்தளங்கள் சின்னச் சின்ன மேடுகளாகத் தெரிகின்றன. அகழ்வாய்வின் கவனம் மேல்வளையத்தில்தான் இருந்தது. கீழே பெரும்பகுதி அப்படியே மண்ணுக்குள் கிடக்கிறது. நல்லதுதான். தோண்டுவது ஒரு தடவைதான் முடியும். அடுத்த தலைமுறையிடம் நம்மைவிட நல்ல கருவி இருக்கும்.

இந்த மேடுகளைப் பார்க்க ஒரு வழி சொல்கிறேன். நடுப்பகல் வேண்டாம், கோடையும் வேண்டாம். சூரியன் தாழ்வாக இருக்கும் குளிர்காலக் காலையில் போங்கள், அல்லது மாலை சாயும்போது. சாய்ந்த வெயிலில் அரையடி மேட்டுக்குக்கூட நிழல் விழும். சுவர் எங்கே ஓடியது, பாதை எங்கே வளைந்தது என்று தரையே வரைபடமாகிவிடும். கிளம்புவதற்கு முன் வீட்டிலேயே லைடார் படம் பார்த்துக்கொள்வது இன்னும் நல்லது. விமானத்திலிருந்து லேசர் கதிரால் தரையை அளந்து, மரங்களை நீக்கிவிட்டு எடுத்த உயர வரைபடங்கள் அவை. இங்கிலாந்துக்கான தரவை அரசின் சுற்றுச்சூழல் முகமை இலவசமாகவே தருகிறது. மேல்வளையம், கீழ்முற்றம், கிழக்கே இன்னொரு சிறிய காவல் அடைப்பு என்று முழு அமைப்பும் ஒரே பார்வையில் பிடிபடும். அதைப் பார்த்துவிட்டு நேரில் நடந்தால் ஒவ்வொரு அடியும் எங்கே வைக்கிறோம் என்று தெரியும்.

கிராமமும் இந்த அமைப்பின் ஒரு பகுதிதான். அதுவும் கரையும் அகழியும் சூழ்ந்த திட்டமிட்ட ஊராக உருவானது. வடக்கு வாசலான பெய்லி கேட் ஏறக்குறைய 1200இல் கட்டியது, இன்றும் அதன் வழியாக வண்டிகள் போகின்றன. தெருவின் வீட்டுச் சுவர்களைக் கவனியுங்கள், கோட்டைக் கல் பல இடங்களில் குடியேறியிருக்கிறது. ரோமானியர் காலத்துப் பாதையான பெட்டர்ஸ் வே இந்த ஊர் வழியாகத்தான் வடக்கே கடற்கரைக்குப் போகிறது. நடைப்பயணம் போகிறவர்கள் முதுகுப்பையோடு வந்து கரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்க்கலாம்.

மடாலயத்துக்குக் கட்டணம் உண்டு. அதன் மேற்கு முகப்பு அழகு, தனியாக எழுத வேண்டிய விஷயம். இங்கே ஒன்று மட்டும்: துறவிகளை முதலில் கோட்டைக்குள்ளேயே குடிவைத்துப் பிறகுதான் இப்போதைய இடத்துக்கு மாற்றினார்கள். கழிப்பறை போன்ற வசதிகளைக் கோட்டையில் எதிர்பார்க்காதீர்கள். எல்லாவற்றையும் கிராமத்தில் முடித்துக்கொண்டு வாருங்கள்.

வயதானவர்களோடு போகிறீர்கள் என்றால் கீழ்முற்றம் வரை சிரமமில்லை, தரை சரிவாக இருந்தாலும் மெதுவாக நடக்கலாம். மேல்வளையம் ஏற்றம். சக்கர நாற்காலிக்கு எளிதான இடம் இல்லை. என் மாமனார் முழங்கால் வலியோடும் மேலே வந்துவிட்டார், ஆனால் அன்று தரை காய்ந்திருந்தது. மழைக்குப் பிறகு சுண்ணாம்பு மண்ணில் ஈரப்புல் மோசமாக வழுக்கும், பிடிமானமுள்ள காலணி கட்டாயம். குழந்தைகளுக்கு ஓட நிறைய இடம் இருக்கிறது, அகழி ஓரத்தில் மட்டும் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வேண்டுகோள், இதை நான் தொழில் தெரிந்தே சொல்கிறேன். கரையில் குறுக்கே ஏறாதீர்கள். ஆயிரம் கால்கள் ஒரே தடத்தில் ஏறினால் முதலில் புல் போகும், பிறகு அந்தத் தடத்தில் மழைத்தண்ணீர் ஓடும், பிறகு அது ஓடையாக அரித்து கரையின் தோள் இறங்கிவிடும். ரயில் கரை இறங்கினால் நாங்கள் கல் கொட்டிச் சரிசெய்துவிடுவோம். இந்தக் கரைக்குள் இருக்கும் பழைய தரை, மரவேலியின் குழித்தடம், அடுக்குகள் எல்லாம் ஒரு தடவை கலைந்தால் திரும்ப அடுக்க முடியாது. மிதிவண்டியைச் சரிவில் இறக்கி விளையாடுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரிகிறது. உலோகம் தேடும் கருவியோடு உள்ளே வருவது அனுமதி இல்லாமல் சட்டப்படி குற்றம், அதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

இதே மாவட்டத்தில் காசல் ரைசிங் என்ற கோட்டையும் இருக்கிறது. அங்கே பெரிய கல்கோபுரம் அலங்கார வேலைப்பாட்டோடு நிற்கிறது, சுற்றி எழும் கரைகளும் பிரமாதம். அந்தக் கரை ஒரு பழைய தேவாலயத்தையே பாதி விழுங்கியிருக்கிறது. நேரம் இருந்தால் ஒரே நாளில் இரண்டையும் பார்க்கலாம். ஆனால் ஏக்கரை முதலில் பாருங்கள். கோபுரத்தைப் பார்த்த கண்ணோடு ஏக்கருக்கு வந்தால் இங்கே ஒன்றும் இல்லை என்று தோன்றிவிடும். ஏக்கரில் கரை பார்க்கப் பழகிவிட்டு ரைசிங் போனால், அங்கே கோபுரத்துக்கு முன்னால் கரைதான் கண்ணில் படும்.

கிளம்பும் முன் தெற்கே ஆற்றங்கரைக்கு இறங்கி, அந்தப் பக்கத்திலிருந்து ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். கீழ்முற்றத்தின் மதில் சரிவில் இறங்குவதும் அதற்குப் பின்னால் மேல்வளையம் எழுவதும் அங்கிருந்துதான் ஒன்றாகத் தெரியும். புகைப்படம் எடுக்கிறவர்களுக்கும் அந்த இடம்தான் சரி. மழைக்காலத்தில் அங்கே சேறு அதிகம், ரப்பர் பூட்ஸ் கொண்டுபோங்கள்.